மண்டையோட்டு ஸ்கானில் தேடிய பிறந்த திகதி

என் மருமகனுக்கு, அதாவது காலமான என் தம்பியின் மகனுக்கு, எத்தனை வயது என்பதை அரச அலுவலகங்களில் நிரூபிப்பதற்கு எனக்குப் பதினேழு மாதங்கள் சென்றன. தையல் வேலையில் இழந்த கூலியையும் சேர்த்தால் ஏறத்தாழ 71,000 ரூபாவும் கரைந்தது. அதில் 13,500 ரூபாவை ஒரு தனியார் வைத்தியசாலையில் ஒரே காலைப்பொழுதில் கட்டினேன். மண்டையோட்டை சி.ரி. ஸ்கான் எடுத்தால் வயது துல்லியமாகத் தெரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னதை நம்பிச் செய்த செலவு அது. அந்த ஸ்கான் பிள்ளைக்கு உதவாமற் போனதோடு நிற்காமல், அவனுக்கு எதிரான சாட்சியாகவும் மாறியது. போரிலும் கடலிலும் ஆவணங்களைப் பறிகொடுத்த குடும்பங்களில் வேறு யாரும் இதே தவறைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் தம்பி முல்லைத்தீவில் கடற்றொழில் செய்தவன். அவனுடைய மனைவி வடமராட்சி கிழக்கில் உடுத்துறையைச் சேர்ந்தவர். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது அவர் இறந்தார். வீடும் பெட்டியும் பெட்டிக்குள் இருந்த கடதாசிகளும் போயின. குழந்தை அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தான் என்று தம்பி பல தடவைகள் சொல்லியிருக்கிறான். 2009இல் தம்பியும் போரில் இறந்தான். எங்கள் அம்மா காயமடைந்து வவுனியா வைத்தியசாலையில் கிடக்க, பிள்ளை அயலவர்களோடு, இடம்பெயர்ந்தவர்களைத் தங்கவைத்த மெனிக் பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தான். பதிவு எடுத்தவர்களிடம் பக்கத்துக் கூடாரத்துப் பெண் ஒருவர் அவனுக்கு எட்டு வயது என்று சொல்ல, முகாம் அட்டையில் பிறந்த ஆண்டு 2001 என்று பதியப்பட்டது. அந்த ஒரு சொல் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். மறு ஆண்டு யாழ்ப்பாணத்தில் என் வீட்டுக்கு வந்து பாடசாலையிற் சேர்ந்தபோது, அம்மா நினைவில் வைத்திருந்த 'ஐப்பசி மாதம்' என்ற குறிப்பைக் கொண்டு 2003.10.01 என்று எழுதுவித்தோம். நான் 2001 முதல் 2008 வரை கொழும்பில் வேலையில் இருந்தபடியால், அவன் எங்கே, எந்த நாளில் பிறந்தான் என்பது எனக்கு நேரடியாகத் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருந்த அம்மாவிடம் விபரமாகக் கேட்டு எழுதி வைக்காமல் விட்டது என் முதற் பிழை. அம்மா 2012இல் காலமானார்.

2019 மார்ச்சில், சாதாரண தரப் பரீட்சைக்காக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இரண்டு ஆண்டுகளும் முட்டிக்கொண்டன. ஒரு பத்திரத்தின்படி அவனுக்குப் பதினைந்து வயது. மற்றதன்படி பதினெட்டை எட்டும் இளைஞன். முல்லைத்தீவு மாவட்டத்தில் அவனுடைய பெயரில் தேடுதல் போட்டபோது பிறப்புப் பதிவு இல்லை என்று பதில் வந்தது. அடுத்த மாதம், ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. அதன் பிறகு வீதிச் சோதனைகள் கூடின. மீசை அரும்பிய, உயரமான, அடையாள அட்டை இல்லாத ஒரு பையனை மாலை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, அவன் திரும்பி வரும்வரை படலையைப் பிடித்தபடி நின்ற நாட்களை என்னால் மறக்க முடியாது. அந்தப் பயந்தான் என்னை அவசரப்படுத்தியது. அந்த அவசரத்தில்தான், அலுவலகங்களுக்கு முன்னால் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரின் பேச்சுக்கு எடுபட்டேன்.

மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களில் தையல்கள் இருக்கின்றன என்றும், வயது ஏற ஏற அவை மூடிக்கொண்டு வரும் என்றும், ஸ்கானில் அவற்றைப் பார்த்து வைத்தியர்கள் வயதைச் சொல்லிவிடுவார்கள் என்றும் அவர் விளக்கினார். தையல் என்ற சொல்லே எனக்கு நெருக்கமாகப் பட்டது. முப்பது ஆண்டுகளாகத் துணியில் தையலைப் பார்த்து, அது எத்தனை முறை பிரித்துத் தைத்தது என்று சொல்லக் கூடியவள் நான். அதோடு, மன்னார் மனிதப் புதைகுழியின் எலும்பு மாதிரிகளை அமெரிக்காவில் கரிமக் காலக்கணிப்புச் செய்த முடிவு அந்த மார்ச் மாதந்தான் வெளிவந்திருந்தது. எலும்பை வைத்து எதையும் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் ஊரில் பரவியிருந்தது. கரிமக் காலக்கணிப்பு ஒருவர் எந்தக் காலத்தில் வாழ்ந்தார் என்பதைச் சொல்வது. உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு வயது பதினாறா பதினெட்டா என்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, அந்த மனிதருக்கு 8,000 ரூபாவும் கொடுத்து, அவர் சொன்ன இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போனேன்.

ஸ்கான் எடுக்கச் சில நிமிடங்களே ஆயின. எதற்காக எடுக்கிறோம் என்று எவரும் கேட்கவில்லை. நானும் 'வயது பார்க்க' என்று சொன்னதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. மறுநாள் கிடைத்த அறிக்கையில், மூளையில் குறை எதுவும் இல்லை என்றும், மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள வளர்ச்சி மூட்டு முற்றாக மூடியிருப்பதால் எலும்பு வளர்ச்சி முதிர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது என்றும் இரண்டே வரிகள் இருந்தன. அதை ஒரு வெற்றிப் பத்திரம் போல ஏந்திக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் 'முதிர்ந்திருப்பதாக' என்ற சொல்லுக்குக் கீழே பேனையால் கோடிட்டு, முகாம் அட்டை சொல்லும் 2001தான் சரிபோலத் தெரிகிறது என்றார். வயதைக் குறைத்துக் காட்ட முயல்கிறோம் என்ற சந்தேகம் கோப்பில் ஏறியது. பெற்றோரை இழந்த பிள்ளை என்ற வகையில் ஒரு தொண்டு அமைப்பு மாதந்தோறும் அவனுக்கு அனுப்பி வந்த உதவிப்பணம், பதினெட்டு வயது கடந்திருக்கலாம் என்ற காரணத்தால் ஜூனில் நிறுத்தப்பட்டது. அன்றிரவு அவன் சாப்பிடாமல் இருந்துவிட்டு, "மாமி, நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கினமோ?" என்று கேட்டான். நான் காசு கட்டி வாங்கிய கடதாசிதான் அந்தக் கேள்வியை அவன் வாயில் வைத்தது என்ற எண்ணம் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவரைச் சந்தித்த பிறகே வழி திறந்தது. இப்படியான பிணக்குகளில் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும் என்றும், அதற்கு அலுவலகத்திலிருந்து முறையான கடிதம் போக வேண்டும் என்றும், அரச வைத்தியசாலையில் அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை என்றும் அவர் சொன்னபோது எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இதைப் படிப்பவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டிய முதலாவது விடயம் இதுவே: வயது பற்றிய மருத்துவப் பரிசோதனையை நீங்களாகத் தனியாரிடம் தொடங்க வேண்டாம். கேள்வி எழுதப்படாத பரிசோதனைக்குக் கிடைக்கும் பதில் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

செப்ரெம்பரில் நாங்கள் சந்தித்த சட்ட வைத்திய அதிகாரி, ஸ்கான் படத்தை வெளிச்சப் பலகையில் பொருத்தி, அரை மணித்தியாலம் பொறுமையாக விளங்கப்படுத்தினார். தலையின் மேற்பக்கத்துத் தையல்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்களான பிறகே மூடத் தொடங்குகின்றன. அதுவும் ஆளுக்கு ஆள் பல ஆண்டுகள் வேறுபடும். கண்டெடுக்கப்பட்ட எலும்புக்கூட்டில் இளையவரா முதியவரா என்று பருமட்டாகப் பார்க்க அவை உதவலாமே தவிர, பதின்ம வயதைக் கணிக்க உதவா. பதின்ம வயதில் மண்டையோட்டிற் பார்க்கக் கூடியது வேறொரு இடம்: அடித்தளத்தில், நடுவே இருக்கும் ஆப்பெலும்புக்கும் பின்னால் இருக்கும் பிடரெலும்புக்கும் இடையில் உள்ள கசியிழைய (குருத்தெலும்பு) மூட்டு. பருவமடையும் காலத்தில் அது மூளைப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி எலும்பாகி மூடிக்கொள்ளும். பெண் பிள்ளைகளில் பெரும்பாலும் 11 முதல் 14 வயதளவிலும், ஆண் பிள்ளைகளில் 13 முதல் 16 வயதளவிலும், சிலரில் அதற்குப் பிந்தியும் இது நிகழும்.

அதன் பிறகு அவர் சொன்னதுதான் முழு விடயத்தின் முடிச்சு. மூட்டு திறந்திருந்தால், இவன் பெரும்பாலும் இளையவன் என்று சொல்ல அது உதவியிருக்கும். மூடியிருந்தால், மூடும் பருவத்தைக் கடந்துவிட்டான் என்பது மட்டுமே தெரியும். கடந்து ஆறு மாதமா ஆறு ஆண்டா என்பதை அந்த எலும்பு சொல்லாது. பதினாறு வயதுப் பையனிலும் நாற்பது வயது மனிதனிலும் அந்த இடம் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆகவே 'வளர்ச்சி முதிர்ந்தது' என்ற வரியைப் பதினெட்டு வயது என்று வாசித்ததே பிழை. போதாததற்கு, எங்கள் ஸ்கான் மூளையைப் பார்ப்பதற்கான தடித்த வெட்டுகளாக எடுக்கப்பட்டிருந்தது. மூட்டைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மில்லிமீற்றர் அளவிலான மெல்லிய வெட்டுகளாக எடுத்து, பக்கவாட்டுத் தோற்றமாக மீள அமைத்துப் பார்க்க வேண்டுமாம். தலை சி.ரி. ஒன்றின் கதிர்வீச்சு ஏறத்தாழ 2 மில்லிசீவேர்ட், அதாவது இயற்கையிலிருந்து ஓராண்டில் நாம் பெறும் அளவுக்குச் சற்றுக் குறைவு என்றும், தாடை முழுவதையும் காட்டும் பல் எக்ஸ்ரே அதில் நூறில் ஒரு பங்கு அளவுதான் என்றும், கை எக்ஸ்ரே அதிலும் மிகக் குறைவு என்றும் அவர் சொன்னார். அச்சுறுத்தும் தொனியில் அவர் சொல்லவில்லை. ஆனால் நோய் எதுவும் இல்லாத பிள்ளையின் தலைக்கு இதைத் தேவையில்லாமல் கொடுப்பித்தேன் என்று எனக்கு உறைத்தது.

அவர்கள் செய்த பரிசோதனை வேறு விதமாக இருந்தது. முதலில் பிள்ளையோடு தனியாகப் பேசி, சிறு வயதில் வந்த நோய்கள், முகாமிற் கிடைத்த சாப்பாடு, உயரம் எப்போது கூடியது என்பவற்றையெல்லாம் கேட்டார்கள். பட்டினி கிடந்த பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சி பிந்தக் கூடும் என்பதும், பற்களின் வளர்ச்சி அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. 2009இன் முதல் மாதங்களை அவன் எதைச் சாப்பிட்டுக் கழித்தான் என்பதை அன்றுதான் நானும் அவன் வாயால் முழுமையாகக் கேட்டேன். இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரேயில் ஆரை எலும்பின் நுனி வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாமல் இருந்தது. பல் எக்ஸ்ரேயில் கீழ்த்தாடை ஞானப்பற்களின் மேற்பகுதிகள் உருவாகி, வேர்கள் தொடக்க நிலையில் இருந்தன. கை எலும்பு முற்றாக வளர்ந்து முடிந்திருந்தால், காறையெலும்பின் உள்முனையைப் பார்க்க வேண்டி வந்திருக்குமாம். அது இருபதுகளிலும் மூடிக்கொண்டிருக்கும் எலும்பு என்பதால், பதினெட்டைச் சுற்றிய கேள்விகளுக்கு அதையே பார்ப்பார்கள். கை எக்ஸ்ரேயை ஒப்பிடப் பெரிதும் பயன்படும் படத்தொகுதி, 1930களிலும் 40களிலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வசதியான குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகளின் படங்களைக் கொண்டு ஆக்கப்பட்டது. எங்கள் கரையோரப் பிள்ளை ஒருவனை அதனோடு வைத்துப் பார்க்கும்போது, இரண்டு ஆண்டுகள் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போகலாம் என்பதை வைத்தியர் மறைக்காமற் சொன்னதே அவர் மீது எனக்கு நம்பிக்கையைத் தந்தது.

இங்கே சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பரிசோதனையில் உடலின் பருவ வளர்ச்சியையும் பார்ப்பார்கள். நான் அதை முன்கூட்டித் தெரிந்துகொள்ளவில்லை. ஆகவே அவனிடமும் சொல்லவில்லை. மறைப்புக்குப் பின்னால் உடுப்பைக் கழற்றச் சொன்னபோது அவன் விறைத்துப்போய் நின்றான். வைத்தியர் நிறுத்திவிட்டு, விருப்பமில்லையென்றால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம், இது உன்னுடைய முடிவு என்று அவனிடமே சொன்னார். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தான். வீட்டிலேயே இருத்தி வைத்து, என்னென்ன செய்வார்கள், ஏன் செய்வார்கள், எதற்கு மறுக்கலாம் என்று நான் பேசியிருந்தால் அந்தப் பிள்ளை அவ்வளவு கூனிக்குறுகியிருக்க மாட்டான். பெண் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்கள் பெண் வைத்தியர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள்.

ஒக்டோபரில் வந்த அறிக்கை, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில் வயது 15க்கும் 17க்கும் இடைப்பட்டதாக இருக்கலாம் என்று கூறியது. திகதி கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகுதான், எல்லை சொல்லும் அறிக்கையே நேர்மையான அறிக்கை என்பது புரிந்தது. எங்களுக்கு வேண்டியிருந்ததும் அந்த எல்லைதான். 2001 அதற்குள் அடங்கவில்லை, 2003 அடங்கியது. எவராவது உங்களுக்கு எலும்பைப் பார்த்து ஒரே எண்ணாக வயதைச் சொன்னால், கூடக்குறைய எவ்வளவு என்று கேட்டு அதையும் எழுத்தில் வாங்குங்கள். டிசம்பர் பரீட்சையை, அடையாள அட்டைக்குப் பதிலாகப் படம் ஒட்டி உறுதிப்படுத்திய கடிதத்தோடு எழுதினான்.

பிறந்த திகதி கிடைத்தது எந்தக் கருவியிலிருந்தும் அல்ல. அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று, வழக்கம்போல முல்லைத்தீவுக்குப் போகாமல், அம்மாவின் ஊரைப் பார்க்க வேண்டும் என்று அவன் கேட்டான். உடுத்துறைச் சுனாமி நினைவாலயத்தில் விளக்கேற்றிவிட்டு நின்றபோது, அவனுடைய முகச்சாயலைப் பார்த்து ஒரு மூதாட்டி நெருங்கி வந்து, இன்னாருடைய மகனா என்று விசாரித்தார். அவனுடைய அம்மாவின் பெரியம்மா முறையானவர். "உன்ர கொம்மா தலைப்பிள்ளைக்கு இஞ்சதான் வந்தவ. பருத்தித்துறை ஆசுபத்திரியிலதான் நீ பிறந்தனி. நான்தான் கூட நிண்டனான்" என்றார். நான் அப்படியே மணலில் இருந்துவிட்டேன். 2002இல் போர்நிறுத்தத்தோடு பாதைகள் திறந்தபடியால் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறார். எங்கள் வழமையே அதுதான். ஆனால் நான் ஒன்பது மாதங்களாக, அவர்கள் குடியிருந்த மாவட்டத்திலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

பிறப்புப் பதிவு, குடும்பம் வசித்த இடத்தில் அல்ல, பிள்ளை பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடமே இருக்கும். ஆகையால் தேடுதல் விண்ணப்பம் போடுமுன், அந்தக் காலத்தில் தாய் எங்கே இருந்தார், எந்த வைத்தியசாலைக்குப் போனார், தாயின் சகோதரிகள், பெரியம்மா, சின்னம்மா எவராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிப் போய்க் கேளுங்கள்; தந்தை வழியில் மட்டும் கேட்டுவிட்டு நான் நின்றதுபோல நிற்க வேண்டாம். இன்னொன்று, பருத்தித்துறையில் பிள்ளையின் பெயரில் தேடியபோதும் முதலில் ஒன்றும் கிடைக்கவில்லை. 2003 செப்ரெம்பர் முதல் டிசம்பர் வரை, தாயின் பெயரை வைத்துப் பாருங்கள் என்று கேட்ட பிறகே பதிவு அகப்பட்டது: 2003 ஒக்டோபர் 17. பிள்ளையின் பெயருக்கான நிரல் வெறுமையாக இருந்தது. பெயரைப் பிறகு சேர்க்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். சேர்க்க அவர்கள் இருக்கவில்லை.

பெயரை உட்புகுத்தும் விண்ணப்பம், சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி, பாடசாலைப் பதிவின் பிரதி என்று எல்லாம் சேர்த்துக் கொடுத்த நேரத்தில், 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து அலுவலகங்கள் மூடப்பட்டன. ஓகஸ்ற்றில்தான் முழுமையான சான்றிதழ் கையில் கிடைத்தது. நிறுத்தப்பட்ட உதவிப்பணம் மீளத் தொடங்கினாலும் இடைப்பட்ட மாதங்களுக்குரியது கிடைக்கவில்லை. சட்ட வைத்திய அறிக்கை கோப்பிலே இருந்தபடியால், முகாம் அட்டையைக் காட்டி எவரும் பிறகு கேள்வி எழுப்பவில்லை. அந்த வகையில் அந்தப் பரிசோதனை வீண்போகவில்லை. வீண்போனது நான் எடுப்பித்த தலை ஸ்கான்தான்.

பதிவேட்டின் பிரதியை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று, திகதியைத்தான் முதலில் பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் அதைத் தாண்டிக் கீழே போய், தகவல் கொடுத்தவரின் கையொப்பம் என்ற இடத்தில் விரலை வைத்தான். அவனுடைய அம்மாவின் கையெழுத்து அங்கே இருந்தது. அவரிடமிருந்து எங்களிடம் எஞ்சியிருக்கும் ஒரே எழுத்து அது. அந்தப் பக்கத்தை மட்டும் தனியாகப் பிரதி எடுத்துத் தரச் சொன்னான்.